தூக்கத்தில் குழந்தை துள்ளுகிறதா?

பிறந்து சில வாரமே ஆன குழந்தை தூக்கத்தில் வெடுக் வெடுக்கென்று கை கால் உதறினால், பெற்றவளுக்கு உயிர் கையில் இருக்காது. பெரும்பாலும் பயமில்லை. ஆனாலும் பார்த்துத் தெரிந்துகொள்ளுங்கள்.

1. மெல்ல எழுப்புங்கள். விழித்ததும் சட்டென நின்றால் அது வெறும் தூக்கத் துள்ளல். வலிப்பு எழுப்பினால் நிற்பதில்லை.

2. ஸ்பிரிங் தொட்டிலை நிறுத்துங்கள். ஆட்டுவதாலும் துள்ளல் கூடும். கை காலை அழுத்திப் பிடிப்பதும் அப்படித்தான்.

3. கைப்பேசியில் படமெடுங்கள், கண்ணும் முகமும் தெரிய. டாக்டர் முன்னால் குழந்தை துள்ளிக் காட்டாது.

4. 3 மாதத்திலிருந்து ஒரு வயதுக்குள், தூங்கி எழுந்ததும் தலை கவிழ்ந்து, இரு கையும் விரிந்து, உடம்பு ஓரிரு நொடி மடங்குகிறதா? சில நொடி விட்டு மறுபடி, மறுபடி வருகிறதா? வயிற்று வலி என்று ஓமத் தண்ணீர் கொடுத்துக் காத்திருக்காதீர்கள். முகம் பார்த்துச் சிரித்த பிள்ளை சிரிப்பதை விட்டிருந்தால் இன்னும் அவசரம். அன்றைக்கே ஜொகூர் பாரு சுல்தானா அமினா போன்ற பெரிய மருத்துவமனைக்குத் தூக்கிக்கொண்டு போங்கள். இது சிசு வலிப்பாக இருக்கலாம். சிகிச்சை தள்ளிப்போகப் போக மூளை வளர்ச்சி பின்தங்கும்.

5. வலிப்பு வந்தால் ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். எச்சில் மூச்சை அடைக்காது. வாயில் கரண்டியோ கையில் இரும்புச் சாவியோ வேண்டாம். முதல் வலிப்பு என்றாலோ, 5 நிமிடம் தாண்டினாலோ, உதடு நீலம் பாரித்தாலோ உடனே 999.