வளைகுடாப் பணத்தில் கட்டிய வீடு: மனைவிக்குப் பங்கு உண்டா?

கேள்வி: என் கணவர் பதினாறு வருடம் துபாயில் வேலை பார்த்தார். விசா செலவுக்கு என் நகைகளை அடகு வைத்தோம். அவை திரும்பி வரவே இல்லை. அவர் அனுப்பிய பணத்தில் நான் கூட இருந்து வீடு கட்டினேன். பத்திரம் அவர் பெயரில். இப்போது வீட்டை விற்கப்போவதாகச் சொல்கிறார். "நீ ஒரு ரூபா சம்பாதிச்சியா?" என்கிறார். எனக்கு உரிமை இல்லையா?
– ஒரு வாசகி, தஞ்சாவூர் மாவட்டம்

வழக்கறிஞர் பதில்: உரிமை கேட்க வலுவான இடம் இருக்கிறது.

ஏறக்குறைய இதே கதை சென்னை உயர் நீதிமன்றத்துக்கு வந்தது. கணவர் சவூதியில் உழைத்தார். மனைவி ஊரில் குடும்பத்தைக் கட்டிக் காத்தார். 2023 ஜூன் 21 அன்று நீதிபதி கிருஷ்ணன் ராமசாமி அளித்த தீர்ப்பு, கணவரின் எட்டு மணி நேர வேலைக்குப் பக்கத்தில் இல்லத்தரசியின் இருபத்து நான்கு மணி நேர வேலையை வைத்துப் பார்த்தது. சமையல், வைத்தியம், வரவு செலவு என எல்லாவற்றையும் அவர் சுமந்ததால்தான் கணவரால் சம்பாதிக்க முடிந்தது. அந்தச் சம்பாத்தியத்தில் வாங்கிய சொத்தில் மனைவிக்கும் சம பங்கு உண்டு என்றது. பத்திரத்தில் யார் பெயர், பணம் யார் கொடுத்தது என்று மட்டுமே பார்த்து வந்த வழக்கத்தில் இது பெரிய மாற்றம்.

ஆனாலும் கோவாவில் உள்ளதுபோல், திருமணத்தாலேயே சொத்து இருவருக்கும் பொதுவாகும் சட்டம் தமிழ்நாட்டில் இல்லை. ஒவ்வொரு வழக்கிலும் மனைவியின் பங்களிப்பை நிரூபித்தாக வேண்டும். பணம் வந்த வங்கிப் பாஸ்புக், கொத்தனாருக்கும் செங்கல் சூளைக்கும் கொடுத்த ரசீது, பழைய கடிதங்கள் எதையும் வாசகி தூக்கிப் போடக் கூடாது. வில்லங்கச் சான்றும் பத்திர நகலும் உடனே எடுக்க வேண்டும். குடும்ப நல நீதிமன்றத்தில் பங்கு கோரி, விற்பனைக்கு இடைக்காலத் தடையும் கேட்கலாம். யார் வற்புறுத்தினாலும் விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்துப் போடக் கூடாது.

நகை விஷயம் இன்னும் தெளிவு. அது சீதனம், வாசகியின் தனிச் சொத்து. கணவர் நெருக்கடியில் பயன்படுத்தியிருந்தாலும் திருப்பித் தரக் கடமைப்பட்டவர். 89 சவரன் நகையை இழந்த கேரளப் பெண் ஒருவருக்கு 25 லட்சம் ரூபாய் தரச் சொல்லி 2024 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்திருக்கிறது. அடகுச் சீட்டும், நகையோடு எடுத்த கல்யாண போட்டோவும் இங்கே முக்கியமான சாட்சி.

வழக்கு நடக்கும்போது வீட்டைவிட்டு வெளியே போகச் சொன்னால், 2005ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டப்படி, அங்கேயே குடியிருக்க மாஜிஸ்திரேட்டிடம் உத்தரவு பெறலாம். பத்திரத்தில் வாசகியின் பெயர் இல்லாதது அதற்குத் தடையில்லை.

வக்கீல் ஃபீஸுக்குப் பயந்து தள்ளிப்போட வேண்டாம். பெண்களுக்கு வருமான வரம்பு பார்க்காமல் இலவச சட்ட உதவி உண்டு. தஞ்சாவூர் நீதிமன்ற வளாகத்தில் மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழுவை அணுகலாம், அல்லது 15100 என்ற எண்ணுக்கு அழைக்கலாம். வீடு கைமாறுவதற்குள் செய்வது நல்லது. வாங்கியவரும் வழக்கில் சேர்ந்துவிட்டால் சிக்கல் இரட்டிப்பாகும்.