தாகூரின் குறும்புக்கார அண்ணன்

கொல்கத்தாவின் ஜோராசாங்கோ பகுதியில் உள்ள பெரிய வீடொன்றில் 1861ஆம் ஆண்டு பிறந்தவர் கவிஞர் இரவீந்திரநாத தாகூர். அவருடைய அண்ணன்மாருள் ஒருவர் ஜோதிரிந்திரநாதர். இவர் தாகூரைவிட 12 வயது மூத்தவர். வங்க மொழியில் அண்ணனைத் 'தாதா' என்பர். ஆதலால் தாகூர் இவரை 'ஜோதிதாதா' என்று குறிப்பிடுகிறார். 'ஜீவன்ஸ்மிருதி' என்னும் தம் நினைவு நூலில் இந்த அண்ணனின் விளையாட்டுகளை அன்போடும் நகைச்சுவையோடும் எழுதியுள்ளார்.

இந்தியர் அனைவர்க்கும் பொதுவான உடை ஒன்று வேண்டும் என ஜோதிதாதா எண்ணினார். வேட்டி வேலைக்கு ஏற்றதன்று. பைஜாமாவோ அயலார் உடை. எனவே பைஜாமாவோடு வேட்டி மடிப்புப் போன்ற துணியை இணைத்தார். தலைப்பாகையையும் வெயில் தொப்பியையும் கலந்து புதிய தலையணி ஒன்றும் அமைத்தார். பட்டப்பகலில் அவற்றை அணிந்து, உறவினரும் வாயிற்காவலரும் வியந்து நோக்க, சற்றும் கூசாமல் வண்டியேறிச் சென்றார். நாட்டுக்காக உயிரைக் கொடுப்போர் பலர் இருக்கலாம். இவ்வுடையில் தெருவில் செல்லும் துணிவு சிலர்க்கே வரும் என்று தம்பி நகையாடுகிறார்.

ஞாயிற்றுக்கிழமைகளில் அண்ணன் நண்பர்களைத் திரட்டி வேட்டைக்குப் புறப்படுவார். தம்பியும் உடன் செல்வார். அவ்வேட்டையில் ஓர் உயிரும் துன்புற்றதில்லை. ஆயினும் அண்ணியார் பூரி சுட்டுக் கொடுத்தனுப்பியதால், ஒருவரும் பசியோடு திரும்பியதில்லை! அக்கூட்டத்தார் உள்நாட்டிலேயே தீக்குச்சி செய்யவும் முயன்றனர். செலவு மிகுந்தது, குச்சி பிறந்தது. ஆனால் அதைப் பற்றவைக்க அருகில் வேறொரு நெருப்பு வேண்டியிருந்தது!

இவ்வளவு குறும்பு செய்த அண்ணன், தம்பியைச் சிறுவன் என்று ஒதுக்கியதில்லை. தாம் பியானோவில் புதிய மெட்டுகளை அமைக்கும்போது, அவற்றுக்குச் சொற்களைச் சேர்க்கும் பணியில் தம்பியையும் ஈடுபடுத்தினார். சிலைதஹா என்னும் சிற்றூரில் தம்பியைக் குதிரையேற்றிவிட்டார். விழுந்துவிடுவான் என அஞ்சித் தடுக்கவில்லை. தவறு நேருமோ என்று தடுத்துக்கொண்டே இருந்தால், ஒருவர் தம் ஆற்றலை அறிய இயலாது. அண்ணன் அளித்த அந்த உரிமையே தம் உள்ளத்தை மலரச் செய்தது எனத் தாகூர் நன்றியுடன் கூறுகிறார்.

பின்னாளில் ஜோதிதாதா ஏலத்தில் 7,000 ரூபாய்க்குக் கப்பல் ஒன்றை வாங்கினார். அதுவோ இயந்திரமும் அறைகளும் இல்லாத வெற்றுக்கூடு! அதனைச் செப்பனிட்டு, மேலும் சில கப்பல்களையும் சேர்த்து, ஆங்கிலேய நிறுவனத்தோடு போட்டியிட்டார். பயணிகளுக்குக் கட்டணமில்லாப் பயணமும் இனிப்பும் கிடைத்தன. அவருக்கு இழப்பே கிடைத்தது. அவ்விழப்பு அவர் ஒருவருக்கே உரியது. அம்முயற்சியின் பயன் நாட்டுக்கு உரியது என்பது தம்பியின் கருத்து. ஊரார் சிரித்த செயல்களுக்குள் இருந்த துணிவைத் தம்பியின் கண்கள் கண்டுகொண்டன.

சொற்பொருள் அறிக

கூசாமல் – வெட்கப்படாமல்
நகையாடுதல் – வேடிக்கையாகப் பேசுதல்
செப்பனிட்டு – சீர்செய்து

விடை எழுதுக

1. ஜோதிதாதா அமைத்த புதிய உடை எத்தகையது?
2. தீக்குச்சியில் இருந்த குறை யாது?
3. தம்பியின் ஆற்றல் வளர அண்ணன் எவ்வாறு உதவினார்?
4. உன் குடும்பத்தில் மூத்தவர் ஒருவர் செய்த குறும்பினை ஐந்து தொடர்களில் எழுதுக.