ஒரே ஒரு புண்தானேன்னு விட்டுடாதீங்க!

குரங்கம்மை என்று போனில் தேடினால், உடம்பெல்லாம் கொப்புளம் உள்ள படங்கள்தான் வரும். ஆனால் 2022-இல் உலகெங்கும் பரவியபோது பலருக்கு அப்படி வரவில்லை. பிறப்புறுப்பிலோ ஆசனவாயிலோ ஒரே ஒரு புண். சிலருக்கு மலம் கழிக்கும்போது கடும் வலி. சிலருக்குத் தொண்டைப் புண். காய்ச்சலே இல்லாமலும் இருக்கலாம். மூலம்னு நினைச்சு களிம்பு பூசினால் நாள்தான் வீணாகும், துணைக்கும் பரவும்.

உடலுறவோ நெருங்கிய தொடுதலோ ஏற்பட்ட 21 நாட்களுக்குள் இப்படி ஏதாவது தெரிந்தால், கூச்சப்படாமல் அரசு மருத்துவமனையில் காட்டுங்கள். புண்ணில் மாதிரி எடுத்து பிசிஆர் பரிசோதனை செய்வார்கள். எச்ஐவி, சிபிலிஸ் பரிசோதனையும் செய்துகொள்வது நல்லது, சேர்ந்தே இருக்கலாம். பொருக்கு உதிர்ந்து புதுத் தோல் வரும்வரை உறவு வேண்டாம்.

சந்தேகமா? 104-ஐ அழையுங்கள்.