விண்கப்பலுக்குள் ஓடுதளம் எதற்கு?

நம்பிக்கை: தாய்க்கப்பலின் விலாவில் பெரிய வாசல் திறந்திருக்கும், சிறு கலங்கள் சீறிக்கொண்டு உள்ளே பறந்துவந்து இறங்கும்.

உண்மை: இந்த யோசனை பிறந்தது கடலில். ‘பேட்டில்ஸ்டார் கேலக்டிகா’ தொடரில் வரும் விண்கப்பலின் இறங்குதளங்களில் விமானந்தாங்கிக் கப்பலின் சாயல் அப்பட்டமாகத் தெரியும். விமானத்துக்கு ஓடுதளம் தேவை. வேகம் குறைந்தால் இறக்கை தாங்காது. விண்கலத்துக்கு அந்தக் கவலை இல்லை. தாய்க்கப்பலின் வேகத்துக்குத் தன் வேகத்தைப் பொருத்திக்கொண்டால் பக்கத்திலேயே அசையாமல் நிற்கலாம். 2025 ஜனவரி 16 அன்று இஸ்ரோவின் ஸ்பேடெக்ஸ் செயற்கைக்கோள்கள் இணைந்தபோது, இரண்டும் நொடிக்கு ஏழரை கிலோமீட்டருக்கு மேல் பறந்துகொண்டிருந்தன. ஆனால் ஒன்றையொன்று தொடும் வேகம் நொடிக்குப் பத்து மில்லிமீட்டர் அளவில் இருக்கும்படிதான் அந்த அமைப்பை வடிவமைத்திருந்தார்கள். திரையில் இதை அப்படியே காட்டினால் அரங்கமே தூங்கிவிடும் என்பது வேறு விஷயம்.

நம்பிக்கை: கலங்களை உள்ளே வைத்துப் பூட்டுவதே பாதுகாப்பு.

உண்மை: அவ்வளவு பெரிய கூடத்தில் காற்றை நிரப்பினால், கதவைத் திறக்கும்போதெல்லாம் அதை உறிஞ்சிச் சேமிக்க வேண்டும், இல்லையென்றால் இழக்க வேண்டும். ‘ஸ்டார் வார்ஸ்’ ஒரு விசைத்திரையைப் போட்டுத் தப்பித்துக்கொண்டது. வாசல் அளவுக்கு அப்படியொரு திரையை இன்றுவரை யாரும் செய்ததில்லை. கட்டிப்போடாத கலம் உள்ளே மிதக்கையில் தாய்க்கப்பல் எஞ்சினை முடுக்கினால், பின்சுவரே வந்து கலத்தின்மேல் மோதும்.

வெளியே மாட்டிவைப்பதில் இந்தத் தொல்லைகள் இல்லை. காற்றே இல்லாத இடத்தில், துருத்திக்கொண்டிருப்பது வேகத்தைக் குறைக்காது. அப்பல்லோ விண்கலம் நிலவில் இறங்கும் கலத்தைத் தன் மூக்கில் மாட்டிக்கொண்டுதான் போனது. உள்ளேதான் வைக்க வேண்டுமென்றால் அதற்கும் நல்ல முன்மாதிரி உண்டு, அதுவும் 1930களிலேயே. அமெரிக்கக் கடற்படையின் ‘ஆக்ரன்’, ‘மேக்கன்’ வான்கப்பல்கள் வயிற்றில் சிறு விமானங்களைச் சுமந்தன. விமானி கீழே பறந்துவந்து, தொங்கும் கம்பியில் கொக்கியை மாட்டுவார். பிறகுதான் விமானத்தை மேலே இழுப்பார்கள். 2012இல் டிராகன் கலம் சர்வதேச விண்வெளி நிலையத்துக்குச் சில மீட்டர் தள்ளி நிற்க, இயந்திரக் கை எட்டிப் பிடித்ததும் இதே முறைதான். கதாசிரியர்கள் ஏனோ இதைக் கண்டுகொள்வதில்லை.

நம்பிக்கை: முன்னால் போகும் கப்பலை எட்ட, எஞ்சினை முடுக்கினால் போதும்.

உண்மை: சாலையில் பேருந்தைத் துரத்த அது சரி. 1965 ஜூனில் ஜெமினி 4 கலத்திலிருந்து ஜேம்ஸ் மெக்டிவிட், கழற்றிவிட்ட ராக்கெட் பகுதியை நெருங்க அப்படித்தான் முயன்றார். எரிபொருள் கரைந்ததே தவிர அது கைக்கெட்டவில்லை. சுற்றுப்பாதையில் வேகத்தைக் கூட்டினால் பாதை உயரும், உயர்ந்த பாதையில் ஒரு சுற்றுக்கு நேரம் அதிகம், ஆகவே பின்தங்குவோம். முன்னால் போவதைப் பிடிக்க வேகத்தைக் குறைத்துக் கீழே இறங்க வேண்டும். (கோள்களை விட்டு வெகுதூரம் போய்விட்ட கதை என்றால் மன்னித்துவிடலாம்.)

நம்பிக்கை: அப்படியானால் திரையில் வருவதெல்லாம் கப்சா.

உண்மை: இல்லை. ‘பாபிலோன் 5’ தொடரில் சுழலும் நிலையத்திலிருந்து போர்க்கலங்களை வெறுமனே கழற்றிவிடுவார்கள். கணக்கு உதைக்காது. 250 மீட்டர் ஆரமுள்ள நிலையம் விளிம்பில் பூமியளவு எடையைத் தரும்படி சுழன்றால், கழன்ற கலம் மணிக்கு சுமார் 180 கிலோமீட்டர் வேகத்தில் விலகும், ஒரு சொட்டு எரிபொருள் செலவில்லாமல். திரும்பி வருவதுதான் சிக்கல். விளிம்பு ஓயாமல் வளைந்து ஓடுவதால் அங்கே ஒட்டுவது மிகக் கடினம். சுழல் அச்சின் வழியாக நுழைவதே எளிது. 1968இலேயே ‘2001: எ ஸ்பேஸ் ஒடிசி’ படத்தில் ஓரியன் கலம், நிலையத்தின் சுழற்சிக்கு ஈடாகத் தானும் சுழன்றபடி அந்த வழியாகத்தான் போகும்.