மருந்தியல் படிக்க விரும்பும் மாணவிக்கு

அன்புள்ள குழந்தாய்,

பத்தாம் வகுப்பில் தேறி, பிளஸ் ஒன்னில் எந்தக் குரூப் எடுப்பது என்று யோசித்துக்கொண்டிருக்கும் உன்னிடம், "பார்மசிக்குத்தானே போகப்போகிறாய், கணக்கு எதற்கு?" என்று உன் மாமா கேட்டதாக இத்தலாரிலிருந்து நீ எழுதிய கடிதம் என் மனத்தை விட்டு அகல மறுக்கிறது. இந்த அபிப்பிராயத்தை நான் பலர் வாயிலாகக் கேட்டிருக்கிறேன். கேட்கும்போதெல்லாம் கோபமே வருகிறது.

இந்திய மருந்தியல் கவுன்சிலின் விதிப்படி பி.பார்ம். சேருவதற்குப் பௌதிகமும் ரசாயனமும் கட்டாயம். கணிதம், உயிரியல் இவ்விரண்டில் ஒன்று இருந்தால் போதும். இந்தச் சலுகையை வைத்துக்கொண்டு மற்றொன்று அநாவசியம் என்று தீர்மானித்துவிடுகிறவர்கள், அதே கவுன்சிலின் பாடத்திட்டம், முதல் செமஸ்டரிலேயே, உயிரியல் படிக்காதவருக்கு உயிரியலையும் கணிதம் படிக்காதவருக்குக் கணிதத்தையும் கற்பிக்க ஏற்பாடு செய்திருப்பதைக் கவனிப்பதில்லை. இரண்டு ஆண்டுகள் நிதானமாகப் பயிலவேண்டியதை, உடற்கூற்றியலும் மருந்துப் பகுப்பாய்வும் புதிதாக வந்து நெருக்கும் சில மாதங்களில் அரைகுறையாகக் கற்பது எத்தனை சிரமம்!

ஒரு பாடம் மட்டும் போதாது என்பதற்கு நம் நீலகிரி மலையிலேயே ஓர் உதாரணம் உண்டு. கிளெமென்ட்ஸ் மார்க்கம் 1862இல் வெளியிட்ட பெரு, இந்தியப் பயண நூலை வாசித்த நாள்முதல் சின்கோனா மரத்தின்மீது எனக்கு ஏற்பட்ட மோகம் இன்றும் தணியவில்லை. தென்னமெரிக்காவிலிருந்து அவர் முயற்சியால் வந்த அந்த மரத்தைத் தொட்டபெட்டாவிலும் நடுவட்டத்திலும் வளர்த்த மக்ஐவர், மரத்தை வெட்டாமல் பட்டையை மட்டும் கீற்றுக்கீற்றாக உரித்து, உரித்த இடத்தைப் பாசியால் மூடிவைத்தார்; அங்கே மீண்டும் வளர்ந்த பட்டையில் மருந்துச் சத்து முன்னிலும் அதிகமாக இருந்தது. காயம்பட்ட மரம் தன்னை எவ்வாறு புதுப்பித்துக்கொள்கிறது என்பது தாவர சாஸ்திரம். சத்து அதிகமானதா என்பதைச் சொல்ல அது போதாது. ஆகையால் 1866இல் ஜான் பிராட்டன் என்னும் ரசாயனப் பண்டிதரை அரசாங்கம் இங்கே நியமித்தது. பட்டையை ஆராய்ந்து, அதில் இத்தனை பாகம் குயினைன் என்று கணக்கிட்டுச் சொல்வது அவர் வேலை.

அந்தப் பட்டையில் குயினைன் மட்டுமா இருக்கிறது? குயினிடின் என்றொரு சகோதரப் பொருளும் உண்டு. இரண்டிலும் கார்பன் 20, ஹைட்ரஜன் 24, நைட்ரஜன் 2, ஆக்ஸிஜன் 2. அணுக்களின் எண்ணிக்கையில் அணுவளவும் பேதமில்லை. அவை முப்பரிமாண வெளியில் திரும்பி நிற்கும் விதத்தில் மட்டுமே வேற்றுமை. அந்த வேற்றுமை காரணமாக, மலேரியாவுக்கு மருந்தாகக் குயினைன் புகழ்பெற, குயினிடினோ தாளம் தப்பிய இருதயத் துடிப்பைச் சீர்ப்படுத்தும் மருந்தாகப் பிரசித்தி அடைந்தது. ரசாயனத்தைச் சூத்திரங்களின் மனப்பாடமாக எண்ணுகிறவர்கள் இதை ஒரு முறையேனும் காகிதத்தில் வரைந்து பார்க்கவேண்டும். மருந்தியலுக்கு உயிர்நாடி கரிம ரசாயனம்தான் என்று நான் எவரோடும் வாதிடத் தயார்.

கணக்குக்கு வருகிறேன். ஒரு மருந்து ஆறு மணி நேரத்தில் இரத்தத்தில் பாதியாகக் குறைகிறது என்று வைத்துக்கொள். பன்னிரண்டு மணி நேரத்தில் கால்பங்கு, ஒரு நாள் கழிந்தால் பதினாறில் ஒரு பங்கு மிஞ்சும். அடுத்த மாத்திரையை எப்போது கொடுப்பது, சிறுநீரகம் பழுதுபட்டவருக்கு எவ்வளவு குறைப்பது என்பவை இதிலிருந்து பிறக்கும் கேள்விகள். தசமப் புள்ளி ஓரிடம் தள்ளி விழுந்தால் மருந்து பத்து மடங்காகிவிடும். கணக்கைக் கண்டு ஓடிவருகிறவர்கள் புகலிடமாகக் கொள்ளவேண்டிய துறை இதுவன்று. மருத்துவத்தில் இடம் கிடைக்காதவர்களுக்கான ஆறுதல் பரிசுமன்று.

ஆகவே, பௌதிகம், ரசாயனம், உயிரியல், கணிதம் நான்கும் சேர்ந்த முதல் குரூப்பையே கேள். அதில் இடம் கிடைக்காவிட்டால், தாவரவியலும் விலங்கியலும் உள்ள குரூப்பில் சேர்ந்துகொண்டு, மடக்கை, விகிதம், வரைபடம் இம்மூன்றையும் பக்கத்து வகுப்புத் தோழியின் கணிதப் புத்தகத்தை வாங்கியாவது போட்டுப் பழகு. டி.பார்ம். முடித்துவிட்டுப் பி.பார்ம். இரண்டாம் ஆண்டில் நேராகச் சேரும் வழியும் உண்டு. ஆயினும் உன் மதிப்பெண்ணுக்கு அந்தச் சுற்றுவழி தேவைப்படாது. உதகையில் 1980இல் தொடங்கிய ஜே.எஸ்.எஸ். மருந்தியல் கல்லூரி உனக்குப் பஸ் தூரத்தில்தான் இருக்கிறது. விடுமுறையில் உன் மாமாவையும் அழைத்துக்கொண்டு போய், முதல் ஆண்டுப் பாடங்கள் எவையென்று அங்கே படிக்கும் மாணவிகளிடமே கேட்டுவிட்டு எனக்கு எழுது.

இப்படிக்கு,
உன் நலம் நாடும் ஆசிரியர்