கிண்டியும் பன்பாயும்: வடிவமைப்பு என்னும் வளம்

'டிசைன்' என்றதும் நம்மிற் பலருக்கு அபாயாவின் பூவேலைதான் ஞாபகம் வரும். வுழூச் செய்யப் பயன்பட்ட பழைய கிண்டியை ஒருமுறை எடுத்துப் பாருங்கள். கை உள்ளே படாமல் நீர் வார்க்க ஒரு மூக்கு. அது ஒடுக்கமாக இருப்பதால் கொஞ்ச நீரே போதும். தேவை, பொருள், விலை, பாவிப்பவரின் கை ஆகியவற்றை ஒன்றாக எண்ணி எடுக்கும் இத்தகைய முடிவே வடிவமைப்பு.

இது ஒரு நாட்டின் வளமுமாகும். இந்திய அரசின் அழைப்பில் வந்த அமெரிக்கரான சார்ள்ஸ் ஈம்ஸ், ரே ஈம்ஸ் தம்பதியர் 1958 இல் அளித்த அறிக்கை, சாதாரணச் செம்பையே சிறந்த வடிவமைப்புக்கு உதாரணமாகக் காட்டியது. அதையடுத்து 1961 இல் அகமதாபாத்தில் தேசிய வடிவமைப்பு நிறுவனம் தோன்றியது. 2007 இல் இந்தியா தேசிய வடிவமைப்புக் கொள்கையொன்றையும் ஏற்றது. இலங்கையிலோ அதற்கு முன்னரே, 1982 ஆம் ஆண்டின் 35 ஆம் இலக்கச் சட்டம் தேசிய அருங்கலைகள் பேரவைக்கும் தேசிய வடிவமைப்பு நிலையத்துக்கும் வழிசெய்தது.

ஆனால் சட்டத்தால் மட்டும் பாய் இழைக்கும் பெண்ணின் வருமானம் உயர்ந்துவிடாது. பன்னை வெட்டி, உலர்த்தி, சாயமேற்றி இழைப்பவள் அவள். எதை, எந்த அளவில், யாருக்காகச் செய்வது என்று தீர்மானிப்பவர் பெரும்பாலும் வியாபாரி. கைக்குக் கூலி, முடிவுக்கு இலாபம். மருதமுனைத் தறிகளுக்கும் இது பொருந்தும்.

குஜராத்தின் கச்சுப் பகுதியில் 2005 இல் தொடங்கிய கலா ரக்ஷா வித்யாலயா இந்த இடத்திலேதான் கைவைத்தது. வடிவமைப்பாளரை வெளியிலிருந்து அழைத்து மாதிரி கொடுக்காமல், பரம்பரைக் கைவினைஞருக்கே வடிவமைப்பைக் கற்பித்தது. இரண்டு வாரங்கள் கொண்ட ஆறு அமர்வுகளாக ஓராண்டுப் பாடநெறி, உள்ளூர் மொழி, பெண்களுக்குத் தனி வகுப்பு. அஜ்ரக் அச்சுத்துணி செய்யும் முஸ்லிம் குடும்பத்தவரும் அதில் பயின்றனர். நமது கொள்கை வகுப்போர் முதலிற் பார்க்க வேண்டியது, அறிக்கைகளைவிட, இந்த வகுப்பு நேர ஒழுங்கைத்தான் என்பேன்.

மகள் எந்நேரமும் படம் கீறுகிறாள் என்று கவலைப்படும் பெற்றோர், மொறட்டுவைப் பல்கலைக்கழகத்தில் வடிவமைப்புக்கென்றே பட்டப்படிப்பு இருப்பதையும் விசாரித்துப் பார்க்கலாம்.

மாணவிகளுக்கு ஒரு பயிற்சி: புத்தகப் பையில் வைத்துக் கொண்டுபோகக்கூடிய தொழுகைப் பாயொன்றைப் பன்னில் வடிவமையுங்கள். காய்ந்த பன் மடிப்பில் வெடிக்கும். சுருட்டுவதா, மடியும் இடத்தில் துணி வைத்துத் தைப்பதா? தைத்தால் விலை எவ்வளவு கூடும்? வரையத் தொடங்குமுன், பாய் இழைத்துப் பழகிய உம்மம்மா ஒருவரிடம் போய்க் கேளுங்கள்.