மழைக்கு முன் தார்ச்சாலை: மேற்பூச்சின் காலமும் முறையும்

மாசி பிறந்துவிட்டது. நம் விடுதி வாயிலில் நிற்கும் இலவமரம் இலைகளை உதிர்த்துச் செம்மலர் சூடி நிற்கிறது. அதன் அழகைக் காண அண்ணாந்து நடக்கும் நண்பர்கள் காலடியையும் சற்று நோக்குவது நன்று. அங்கேதான் சென்ற ஆண்டு நமக்கு ஒரு பாடம் நடந்தது.

சென்ற மே மாதம் ஒரு பிற்பகல், விடுதிச் சாலைக்கு மேற்பூச்சுப் பூசினார்கள். இரண்டு மணிக்குப் பழுப்பு நிறத் திரவத்தைத் தெளித்துச் சிறு ஜல்லியைப் பரப்பினார்கள். நான்கு மணிக்கு வடமேற்கு வானம் கருத்தது. காற்று எழுந்தது, அரைமணி நேரம் மழை கொட்டியது. தெளித்த திரவமெல்லாம் காப்பி நிறத்தில் ஓடி வடிகாலில் கலந்தது. ஒட்டாத ஜல்லி ஓரங்களில் குவிந்தது. ஆகஸ்டு மாதத்தில் அந்த இடத்தில் மூன்று குழிகள் தோன்றின. நம் சங்கத்துத் தோழர் ஒருவர் இரவில் சைக்கிளோடு ஒரு குழியில் விழுந்து மணிக்கட்டை முறித்துக்கொண்டார். பணமும் போயிற்று, சாலையும் போயிற்று, எலும்பும் முறிந்தது. பொருளிலும் ஆளிலும் குறையில்லை. நாள் பார்த்ததில்தான் குறை. அதனால் இக்கலையின் காலத்தையும் முறையையும் இங்கே சுருக்கமாக ஆராய்வோம்.

மேற்பூச்சு என்பது யாது?

நாம் தார் என்று வழங்குவது இந்நாளில் பெரும்பாலும் தார் அன்று. நிலக்கரியிலிருந்து கிடைப்பது தார். பெட்ரோலிய எண்ணெயைக் காய்ச்சி வடித்தபின் எஞ்சுவது நிலக்கீல். இன்று நம் சாலைகளில் இடுவது நிலக்கீலே. பழகிப்போன பெயரை மாற்ற வேண்டியதில்லை. பொருளை அறிந்தால் போதும்.

பழைய தார்ச்சாலையின்மீது நிலக்கீலை மெல்லிய படலமாகத் தெளித்து, அதன்மேல் சிறு ஜல்லியைப் பரப்பி, உருளையால் அழுத்துவது மேற்பூச்சு. மத்தியச் சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் விதிமுறைப்படி, இவ்வகைப் பூச்சிற்குப் 10 சதுர மீட்டருக்கு 9.8 கிலோ நிலக்கீலும் 0.09 கன மீட்டர் ஜல்லியும் வேண்டும். கணக்கிட்டுப் பாருங்கள்: 100 மீட்டர் நீளமும் 3.75 மீட்டர் அகலமும் உள்ள ஒரு சாலைக்கு ஏறத்தாழ 370 கிலோ நிலக்கீல் போதும். பரப்பினால் அதன் கனம் சுமார் ஒரு மில்லிமீட்டரே. இந்த ஒரு மில்லிமீட்டர்தான் சாலையின் குடை. குடை மழையைத் தடுக்கும், பாரத்தைத் தாங்காது. பலமிழந்த சாலைக்குப் பூச்சினால் பலம் வராது என்பதை முதலிலேயே மனத்தில் கொள்ள வேண்டும்.

சாலை கெடுவது எங்ஙனம்?

வெயிலும் காற்றும் படப்பட நிலக்கீல் ஆக்சிஜனை ஏற்று இறுகுகிறது. கருமை மங்கிச் சாம்பல் நிறமாகிறது. நெகிழ்ச்சி போய் நொறுங்கும் தன்மை பெறுகிறது. பின்னர் நூல்போன்ற வெடிப்புகள் ஓடுகின்றன. அவற்றின் வழியே மழைநீர் இறங்குகிறது.

இறங்கிய நீர் இரண்டு கேடுகளைச் செய்கிறது. முதலாவது, கல்லுக்கும் நிலக்கீலுக்கும் உள்ள பிணைப்பைப் பிரிக்கிறது. பெரும்பாலான கற்கள் நிலக்கீலைவிட நீரையே விரும்பிப் பற்றும். சக்கரம் ஏறி இறங்கும்போதெல்லாம் இடுக்கில் உள்ள நீர் அழுந்திப் பீறிட்டு, நிலக்கீலைக் கல்லிலிருந்து உரிக்கிறது. இரண்டாவது, நீர் அடியிலுள்ள மண்ணை அடைகிறது. நனைந்த களிமண் பாரம் தாங்காது. மேல்தளம் அமிழ்ந்து உடைகிறது. குழி பிறப்பது இவ்வாறே.

கல்லும் நீரும் கொள்ளும் இந்த உறவை முறிக்கத் தமிழர் ஒருவர் வழி கண்டார் என்பது நமக்குப் பெருமை தரும் செய்தி. மதுரை தியாகராசர் பொறியியல் கல்லூரிப் பேராசிரியர் இரா. வாசுதேவன், சூடேற்றிய ஜல்லிக்குக் கழிவுப் பிளாஸ்டிக்கால் மெல்லிய உறை இட்டு, அதன்பின் நிலக்கீலைச் சேர்க்கும் முறையை வகுத்தார். உறையிட்ட கல் நீரை எளிதில் ஏற்பதில்லை. 2018-இல் அவருக்குப் பத்மஸ்ரீ விருது அளிக்கப்பட்டது.

காலம் எது?

இங்குதான் நம்மவர் பலர் தடுமாறுவர். சென்னையில் வளர்ந்தவருக்குப் பெருமழை என்றால் ஐப்பசி, கார்த்திகை. ஆதலின் வேனிற்காலம் முழுவதும் சாலைவேலைக்கு உகந்தது என்று நினைப்போம். வங்காளத்தில் அந்தக் கணக்குச் செல்லாது. இங்கே தென்மேற்குப் பருவமழை ஜூன் இரண்டாம் வாரத்தை ஒட்டித் தொடங்கும். ஆனால் அதற்கு நெடுநாள் முன்பே காலவைசாகி என்னும் இடிமழை வந்துவிடும். மார்ச்சுக் கடைசி முதல் மே வரை, பெரும்பாலும் பிற்பகலிலோ மாலையிலோ வடமேற்கிலிருந்து அது பாயும். அசாமில் ஏப்ரலிலேயே மழை வலுத்துவிடும். மும்பையிலோ ஏப்ரல் முழுவதும் வறட்சியாகவே இருக்கும்.

பின்னே, மார்கழி தை ஆகாதோ எனின், அக்காலத்தில் வேறு தடைகள் உண்டு. மூடுபனியும் இரவுப் பனியும் சாலையைக் காலையில் நெடுநேரம் ஈரமாக வைத்திருக்கும். விதிமுறையும் இதையே கூறுகிறது: நீர் தேங்கியிருக்கும்போதும், தளம் ஈரமாயிருக்கும்போதும், மழை, மூடுபனி, புழுதிக்காற்று ஆகியவற்றின்போதும், வெப்பம் 10 பாகை செல்சியசுக்குக் குறையும்போதும், காற்று மணிக்கு 40 கிலோமீட்டரை மிஞ்சும்போதும் நிலக்கீல் வேலையை நிறுத்த வேண்டும்.

ஆகவே வங்காளத்தில் பிப்ரவரி நடுப்பகுதி முதல் மார்ச்சுக் கடைசி வரை உள்ள ஆறு வாரங்களே சிறந்த காலம். ஏப்ரலில் செய்ய நேர்ந்தால் காலையில் தொடங்கி நண்பகலுக்குள் முடித்துவிட வேண்டும். இந்திய வானிலை ஆய்வுத் துறை மூன்று மணி நேரத்துக்கான உடனடி முன்னறிவிப்பை வெளியிடுகிறது. தெளிப்பானைத் திறக்குமுன் அதைப் பார்ப்பதற்குச் செலவொன்றும் இல்லை.

ஆயத்தம்

மேற்பூச்சு வெளிநீரை உள்ளே விடாது. உள்நீரையும் வெளியே விடாது. இவ்விரண்டாவது இயல்பை மறப்பவரே மிகுதி. ஈரத்தின்மேல் பூசினால் ஈரத்தைச் சிறை வைத்தவர் ஆவோம். வெயில் ஏறும்போது அது ஆவியாகிப் படலத்தைத் தூக்கும். உள்ளிருந்தே கல்லை உரிக்கும். எனவே ஆயத்தம் முழுவதும் நீரை வெளியேற்றும் வேலையே. அதன் வரிசை வருமாறு:

1. வடிகால். பக்கக் கால்வாய்களைத் தூர்வார வேண்டும். மழைக்காலத்தில் புல்லும் மண்ணும் சேர்ந்து சாலையோரம் சாலையைவிட உயர்ந்துவிடும். அதைச் செதுக்கித் தாழ்த்த வேண்டும். மழை மிகுந்த இடங்களில் சாலையின் நடுவிலிருந்து ஓரத்திற்கு 100-க்கு 2.5 என்ற சரிவு வேண்டும். 3.75 மீட்டர் அகலச் சாலையில் நடுப்பகுதி ஓரத்தைவிட ஏறத்தாழ 4.7 செண்டிமீட்டர் உயர்ந்திருக்கும். அது தட்டையாகிவிட்டால் பூச்சின்மேல் நீர் குளமாக நிற்கும்.

2. குழிகள். உறுதியான பகுதி வரும்வரை சதுரமாக வெட்டி, பக்கங்களைச் செங்குத்தாக்கி, தூசி நீக்கி, ஒட்டுப்பூச்சுத் தடவி, கலவை இட்டு இடிக்க வேண்டும். குழியில் மண்ணைப் போட்டு அதன்மேல் பூசுவது கண்ணை ஏமாற்றும், சக்கரத்தை ஏமாற்றாது.

3. வெடிப்புகள். நூல்போன்றவற்றைப் பூச்சே மூடிவிடும். அகன்றவற்றைச் சுரண்டி, காற்றால் ஊதி, தனியே நிரப்ப வேண்டும். முதலைத் தோல்போலச் சிறு கட்டங்களாக வெடித்திருந்தால் அடித்தளமே தளர்ந்துவிட்டது என்பது பொருள். அவ்விடத்தைத் தோண்டிச் செப்பனிடாமல் பூசுவது வீண்செலவு.

4. தூய்மை. தூசிமேல் விழுந்த நிலக்கீல் தூசியைப் பற்றுமேயன்றிச் சாலையைப் பற்றாது. மரநிழலில் படர்ந்த பாசியைக் கம்பித் தூரிகையால் தேய்க்க வேண்டும். வண்டிகள் நிற்குமிடத்து எண்ணெய்க் கறைகளையும் அகற்ற வேண்டும்.

5. உலர்ச்சி. மேற்பரப்பு வெளுத்துவிட்டதால் மட்டும் உலர்ந்துவிட்டது என்று கொள்ளலாகாது. மழை விட்டபின் கவனியுங்கள்: சாலை வெளுத்த பின்னும் வெடிப்புகளின் ஓரம் மட்டும் கருங்கோடாக நிற்கும். உள்ளிருக்கும் நீரைக் காட்டும் கோடு அது. கான்கிரீட் தளங்களுக்குக் கையாளும் எளிய சோதனை ஒன்று இங்கும் உதவும். ஒரு பிளாஸ்டிக் தாளைச் சாலைமீது விரித்து, நான்கு ஓரங்களையும் ஒட்டிவிட்டு மறுநாள் பாருங்கள். தாளின் அடியில் நீர்த்துளிகள் இருந்தால் இன்னும் காத்திருக்க வேண்டும். இச்சோதனையை நிழலான இடத்தில் செய்வது முறை. அங்கே உலர்ந்திருந்தால் எங்கும் உலர்ந்திருக்கும்.

பூசும் நாள்

நிலக்கீலை 150 பாகை செல்சியசுக்கு மேல் காய்ச்சித் தெளிப்பது ஒரு முறை. இதற்கு முற்றும் உலர்ந்த தளம் வேண்டும். நுண்துளிகளாக்கி நீரில் கலந்த நிலக்கீலைத் தெளிப்பது மற்றொரு முறை. இக்கலவைக்குப் பால்மம் என்று பெயர். எமல்ஷன் என்பதும் இதுவே. இதைச் சூடேற்ற வேண்டியதில்லை, அல்லது சிறிதே சூடேற்றினால் போதும். நேர்மின்னூட்டம் பெற்ற துளிகள், எதிர்மின்னூட்டமுள்ள கருங்கல்லை நாடிப் பற்றும். ஆதலின் தளத்தில் உள்ள சிறிய ஈரத்தை இது பொறுக்கும்; ஆனால் உறையுமுன் பெய்யும் மழையைப் பொறுக்காது. தெளித்தபோது பழுப்பாயிருப்பது, நீர் பிரிந்தபின் கருமையாகும். அந்த நிறமாற்றமே நமக்கு அடையாளம். சென்ற மே மாதம் மழை வந்தபோது நம் சாலை இன்னும் பழுப்பாகவே இருந்தது.

தெளித்தவுடன் ஜல்லியைப் பரப்பி உருளையால் அழுத்த வேண்டும். மறுநாள்வரை வண்டிகளை விடாதிருப்பது விதி. கயிறு கட்டியிருக்கும் சாலையில் சைக்கிளைத் தூக்கிக்கொண்டு நுழையும் நண்பர்கள் இதைக் கவனிப்பாராக!

நாம் செய்யத்தக்கது

நாம் மாணவர், தெளிப்பான் நம் கையில் இல்லை. ஆயினும் தாமதம் எங்கே பிறக்கிறது என்பதை அறிதல் நலம். அரசு நிதியாண்டு மார்ச்சு 31-இல் முடிகிறது. மதிப்பீடும் ஒப்பந்தப்புள்ளியும் ஜனவரிக்குள் முடிந்தால்தான் வேலை நல்ல காலத்தில் நடக்கும். அவை பிப்ரவரியில் தொடங்கினால், பூச்சு மே மாதத்து இடிமழையில் போய் விழும். எனவே அக்டோபரில் மழை ஓய்ந்ததும் வளாகத்தைச் சுற்றிவந்து, நீர் தேங்கும் இடங்களையும் கருங்கோடு நிற்கும் வெடிப்புகளையும் படமெடுத்து, நவம்பரில் சங்கத்தின் பெயரால் பொறியாளர் அலுவலகத்தில் எழுத்து மூலம் கொடுப்போம். விண்ணப்பம் கார்த்திகையில், பூச்சு மாசியில் என்பது நமக்கு நினைவிருக்கட்டும். இவ்வாண்டுக்கோ இன்னும் ஆறு வாரங்கள் உள்ளன. இலவம் பூத்திருக்கும்போதே சென்று கேட்போம். பஞ்சு பறக்கத் தொடங்கினால் காலவைசாகி பின்னாலேயே வந்துவிடும்.